என் பேண்டுக்கு நீங்கள் கொடுத்த மூன்று பாட்டுகள்

சார்,

போன வாரம் மாங்காட்டில் ஒரு கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கு வேறொரு பேண்டு செட். தெருமுனை திரும்பும்போது அவர்கள் உங்கள் பாட்டை எடுத்தார்கள். எங்கள் ஆட்களில் யாரிடமிருந்தோ அவர்கள் நோட்ஸ் வாங்கியிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அத்தைமார் ஆடிய ஆட்டத்தில் ஊர்வலம் நகரவே இல்லை. நான் கையிலிருந்த ரோஸ்மில்க்கைக் குடிக்காமலே வைத்துவிட்டேன். நீங்கள் இறந்து இத்தனை மாதமாகியும் உங்கள் மேல் எனக்குப் பொறாமை போகவில்லை.

போன வருஷம் ஐயப்பன்தாங்கலில் உங்கள் மகள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பேண்டுக்கென்றே இசை எழுதுகிறவர் என்று சொன்னார்கள். அம்பத்தூரில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் ஷெட்டுக்கு ஒரு ஞாயிறு மதியம் மஞ்சள் பையோடு வந்து நின்றீர்கள். பை நிறைய ஜெராக்ஸ். "புதுசா மூணு எழுதியிருக்கேன். வாசிச்சுப் பாக்கிறீங்களா?" என்று என்னிடம்தான் கேட்டீர்கள். அங்கே மாஸ்டர் நான். டிரம்பெட்டும் நான், சினிமாப் பாட்டுகளைப் பிரித்து ஆளுக்கு ஆள் நோட்ஸ் போடுவதும் நான். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

டிராம்போன் ஏழுமலையை நினைவிருக்கிறதா? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவன். நான் போட்டுக் கொடுப்பதில் அவனுக்கு எப்போதும் அடியில் தாளத்துக்கு ஊதுகிற வேலைதான். நீங்கள் மெட்டையே தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டீர்கள். முதலில் தடுமாறினான். பிறகு பிடித்துக்கொண்டான். முடித்ததும் என் பக்கம் திரும்பி, "அண்ணாத்தே, இத்தினி வருசமா ஊதிகினு கீறேன், இன்னிக்குத்தான் வாசிச்சா மாரி கீது!" என்றான். அவன் மனதில் ஒன்றும் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்றது.

அடுத்த ஞாயிறு எல்லாரும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக ஒவ்வொருவனுக்கும் போன் போட்டு அழைப்பவன் நான். டிரம்காரன் உங்களுக்காகப் போளி வாங்கி வந்திருந்தான்.

அந்த வாரம் முழுக்க உங்கள் காகிதங்களில் குற்றம் தேடினேன் சார். ஒன்று கிடைத்தது. இரண்டாவது பாட்டில் ஓரிடத்தில் டிரம்பெட்டுக்கு மூச்சு வாங்க இடமே இல்லை. எல்லார் முன்னாலும் சொன்னேன். நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தீர்கள். "அட, ஆமா! இத்தனை நாளா என் கண்ணுல படலையே. வாசிக்கிறவருக்குத்தான் தெரியுது," என்று அந்த இடத்தை அடித்து எழுதினீர்கள். நீங்கள் கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் அன்றே என் எரிச்சல் தீர்ந்திருக்கும்.

ஊருக்குக் கிளம்பும் முன் என் தோளைத் தொட்டு, "நீங்களும் எழுதலாமே மாஸ்டர்," என்றீர்கள். பெரியவர்கள் போகிறபோக்கில் சொல்வது என்று விட்டுவிட்டேன். ஆனால் உங்கள் பாட்டுக்கு எங்கள் ஆட்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்த எனக்குத் தூக்கம் கெட்டது. எழுத ஆரம்பித்தேன். உங்களை ஜெயிக்கத்தான். பொங்கலுக்கு நீங்கள் வருவீர்கள், முன்வரிசையில் உட்காரவைத்து வாசித்துக் காட்ட வேண்டும், முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் வரவில்லை. உங்கள் மகள்தான் போன் செய்தார். நான் செய்தியைக் கேட்டு, துக்கம் விசாரித்து, போனை வைத்த பிறகு எனக்கு உங்கள் மேல் வந்தது கோபம்.

எழுதியதைப் போன ஞாயிறுதான் ஷெட்டில் எடுத்தோம். ஆவடியிலிருந்து வருகிற சாக்ஸபோன்காரன் இன்னொரு தடவை வாசிக்கலாம் என்று தானே கேட்டு வாசித்தான். கடைசிச் சுரம் அடங்கியதும் எல்லாரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு, எனக்குத் தெரியும். ஏழுமலை டிராம்போனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: "ஷோக்கா கீது அண்ணாத்தே. சாரு இத்த கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பாரு?"

உடனே எல்லாரும் உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் முதல் பாட்டு, அதன் மேல் வந்து நீங்கள் உட்கார்ந்துகொண்டீர்கள். பற்றிக்கொண்டு வந்தது. டிரம்பெட்டைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏழுமலை கேட்டதைத்தான், எழுதி முடித்த நாளிலிருந்து நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் சார்.