கட்டிக்கொண்ட பால்

அன்புள்ள அம்மாவுக்கு,

பாப்பா நலம். புட்டிப்பால் குடிக்கிறாள். நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எனக்குப் பால் ஊறுகிறது, வெளியே வரத்தான் வழியில்லை. மார்பு கல்லாகிக் காய்ச்சல் அடிக்கிறது. நேற்று நர்ஸ் மார்க்காம்பின் அடியில் இருக்கும் தழும்பைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்று கேட்டார். மாமியார் பக்கத்திலேயே நின்றார். "முன்னாடி ஒரு கட்டி வந்துச்சு," என்றேன். அதை நம்பி, மாமியார் ஒத்தடம் கொடுக்கும்போதெல்லாம் எனக்காக அழுகிறார்.

கல்யாணத்துக்கு முன், உள்ளிழுத்த காம்பைச் சரிசெய்ய நீதான் ஆபரேஷனுக்கு அழைத்துப் போனாய். பால்குழாயை வெட்ட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நான் தயங்கினேன். "கட்டிக்கிறவன் முகம் சுளிச்சா என்னடி பண்ணுவ?" என்றாய். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கினாய்.

இன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம், "என் உடம்புல ஏதாவது குறை இருந்திருந்தா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "நான் என்ன பொருளா வாங்க வந்தேன், திருப்பித் திருப்பிப் பாக்க?" என்று சிரித்தார்.

நாளை பெரிய டாக்டரிடம் போகிறோம். டாக்டர் வாயால் தெரியவருவதற்கு முன், போகும் வழியிலேயே நான் சொல்லிவிடுவேன். இது உன் கைக்குக் கிடைக்கும்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கோபத்தோடாவது கிளம்பி வா அம்மா.

உன் மகள்