காதர் அண்ணனுக்குச் செய்த ஜாய்ஸ்டிக்

நேற்றுச் சாயங்காலம் நம் மகன் டிவி முன்னால் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். கையிலிருந்த கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். யாரும் தொடாமலேயே திரையிலிருந்த ஆள் மெல்ல நடந்து பள்ளத்தில் விழுந்தான்.

"உம்மா, தானா நடக்குதான் பாருங்க!"

"அதுல உள்ள குச்சி நடுவுக்குத் திரும்பல, லே" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என்னையே பார்த்தான். அவனிடம் சிரித்து மழுப்பிவிட்டேன். பதிலை உங்களுக்குத்தான் எழுதத் தோன்றியது, மச்சான்.

அது நமக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். மேலப்பாளையத்தில் வீட்டு முன்னறைதான் உங்கள் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை. நடுக்கதவுக்கு இந்தப் பக்கம் நான் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பேன். அப்போதுதான் காதர் அண்ணன் வந்தார். வளைகுடாவில் வேலை பார்த்த இடத்தில் தீப்பிடித்து, இரண்டு கைகளும் வெந்து, விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி இறுகிப்போய் ஊர் திரும்பியிருந்தார். அவர் கிளம்பிப் போகும்போது மகள் சபீனா கைக்குழந்தை. இப்போது அவளுக்கு ஆறு வயது. அவளுக்கென்று ஒரு டிவி கேம் வாங்கி வந்திருந்தார்.

"எம்மவ அந்தக் கேமு பக்கத்துலதான் இருக்கா. எங்கிட்ட வரமாட்டேங்கா, கையப் பாத்துப் பயப்படுதா" என்றார் உங்களிடம். "ரெண்டு பேரு சேந்து ஆடுத ஆட்டம் ஒண்ணு இருக்கு தம்பி. இந்தப் பித்தான அமுக்க எனக்கு வெரலு இல்ல. ஏதாவது செஞ்சு குடு."

நீங்கள் ஒரு வாரத்தில் செய்து கொடுத்தீர்கள். கடைகளில் காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றிலிருந்து ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி, மரப்பெட்டியில் பொருத்தி, ஆட்டத்தில் குண்டு சுடுவதற்குக் காலிங் பெல் சுவிட்ச் வைத்தீர்கள். கம்பீரமாகத்தான் இருந்தது. மறுநாளே அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காதர் அண்ணன் திரும்பி வந்தார். சுவர்களுக்கு நடுவே பீரங்கி வண்டி ஓட்டிக் கோட்டையைக் காக்கிற ஆட்டம் அது. திருப்பத்தில் வண்டி சிக்கியிருக்கிறது. வெடுக்கென்று தள்ளியதில் எங்கோ திரும்பி, தங்கள் கோட்டையையே சுட்டிருக்கிறார். சபீனா அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாளாம்.

அவர் போனதும் நான் சொன்னேன், "மச்சான், அது முறுக்கு உள்ள பயலுவ நின்னு ஆடுத குச்சி. இவருக்கு நீளம், ஸ்பிரிங்கும் கடுசு."

"பீடி சுத்துத ஒனக்கு இதுல என்னளா தெரியும்?" என்றீர்கள்.

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இலையை இறுக்கினால் புகை வராது, தளர்த்தினால் தூள் கொட்டிவிடும். விரல் நுனிக்கு எவ்வளவு அழுத்தம் போதும் என்பதைப் பத்து வயதிலிருந்து என் கை படித்திருந்தது. ஆனால் அதை உங்களிடம் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் கையில் ஒரு பழைய துணியோடு நீங்களே அடுப்படிக்கு வந்தீர்கள். "என் வெரல மடக்கிக் கட்டுளா" என்றீர்கள். இரண்டு கையையும் கட்டிவிட்டேன். அப்படியே உட்கார்ந்து ஆடிப் பார்த்தீர்கள். ஆடிய மூன்று முறையும் உங்கள் கோட்டையை நீங்களே சுட்டீர்கள். மணிக்கட்டு வலித்து வியர்த்துப்போய், கட்டிய கையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நேத்து சொன்னியே, இன்னொரு தடவ சொல்லு" என்றீர்கள். அன்றைக்குத்தான் நான் நடுக்கதவைத் தாண்டி முன்னறையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

குச்சியைப் பாதியாக அறுத்தோம். கை நகர வேண்டிய தூரம் குறைந்தது, ஆனால் அழுத்தம் கூடிவிட்டது. அதனால் பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து மெல்லிய ஸ்பிரிங் ஒன்றை எடுத்துப் போட்டீர்கள். அது தேவைக்கு மேல் மெலிந்திருந்ததால் கையை எடுத்த பிறகும் குச்சி நடுவுக்கு வராமல், வண்டி தன் பாட்டுக்கு ஓடியது. நாலைந்து ஸ்பிரிங் மாற்றி ஒன்று அமைந்தது. குச்சி நுழையும் தகட்டில் வட்டமாக இருந்த துளையைக் கூட்டல் குறி போல் மாற்றினீர்கள். அதன்பின் குச்சி மூலைக்குச் சாயவில்லை. நாலு திசையில் ஒன்றுக்குத்தான் போயிற்று, திருப்பங்களில் வண்டி சிக்கவில்லை. உச்சியில் வைக்க ரப்பர் பந்தை இரண்டாக அறுத்தது என் யோசனை. வெந்த தோலுக்கு அது உறுத்தாது.

காதர் அண்ணன் வீட்டுக்கு நாம் இரண்டு பேருமே போனோம். சபீனா சுவரோரமாக நின்றாள். அவர் பந்தின் மேல் கையை வைத்தார். முதல் ஆட்டத்தில் தடுமாறினாலும் கோட்டை தப்பியது. இரண்டாவதில் வண்டி நேராகப் போய்த் திரும்பி எதிரி வண்டி ஒன்றைச் சுட்டது. "வாப்பா, பின்னால ஒண்ணு வருது!" என்று கத்திக்கொண்டே அவள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கை வழுக்கியபோது, "இங்கன வைங்க வாப்பா" என்று அந்தக் கையைப் பிடித்துப் பந்தின் மேல் வைத்தாள். பிறகு எடுக்க மறந்து அப்படியே பிடித்திருந்தாள். காதர் அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. அந்த ஆட்டத்தில் தோற்றார்.

வாசலில் அவர் உங்களுக்கு நன்றி சொன்னார். "நான் ஆணி அடிச்சேன், அவ்வளவுதான். செஞ்சது எம் பொண்டாட்டி" என்றீர்கள். ஆட்டோவில் வரும்போது, "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுளா" என்றீர்கள், வெளியே பார்த்துக்கொண்டே. அதற்குப் பிறகு எந்தப் பொருளைத் திறந்தாலும், "இத யாரு கை பிடிக்கப் போவுது?" என்று என்னைக் கேட்பீர்கள்.

இப்போதும் யாருக்காவது தேநீர் நீட்டினால் முதலில் அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன்.

நீங்கள் கண்மூடுவதற்கு முந்தைய மாதங்களில் உங்கள் கை நடுங்க ஆரம்பித்தது. நான் ஊட்ட வந்தால் வாயை மூடிக்கொண்டீர்கள். ஒருநாள் கரண்டிக் காம்பில் துணியைத் தடிமனாகச் சுற்றி, கிண்ணத்தை உங்கள் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைத்தேன். பாதி சிந்தியது. மீதிக் கஞ்சியை நீங்களே வாய்க்குக் கொண்டுபோய்க் குடித்தீர்கள்.

"அளவு சரியா இருக்குளா" என்றீர்கள்.

சிந்திய கஞ்சி என் மடியை நனைத்திருந்தது. துடைக்க எழுந்திருக்காமல் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.