மலையைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்

ஜூலை 13, ஞாயிறு

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டில் இன்று கோயம்புத்தூர் போனேன். மலைகளைத் தாண்டும்வரை எட்டாயிரம் அடியில் பறப்பதாக நானே வழி போட்டிருந்தேன். பாதியில், விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலர் குரல் நாலாயிரத்துக்கு இறங்கச் சொன்னது. எதிரே மலை தெரிந்தது. "ஓகே சார்" என்று சொல்லி இறங்கினேன். மோதிவிட்டது.

பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "மலைதான் கண்ணுக்குத் தெரியுதே, ஏன்டி எறங்குன?"

"அவர் சொன்னாரும்மா."

"எவருடி? மிஷினுதானே பேசுது! அதுக்கும் சாரா?"

அம்மா சிரித்தாள். அந்தக் குரலிடம் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

நாளை சிறுசேரி ஆபீஸில் மேனேஜர் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் பாதிச் சோதனைகள் நடக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை அவரிடம் சரி சார் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.