ஒரு கைக்கான கன்ட்ரோலர்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நீ அனுப்பிய பார்சல் போன மாதம் பத்தொன்பதாம் தேதியே வந்து சேர்ந்துவிட்டது. உடனே எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வந்துவிட்டது என்று மட்டும் எழுத மனம் வரவில்லை. வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். அது இவ்வளவு நாள் இழுத்துவிட்டது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நாலு வரிதான் எழுதியிருந்தாய். அதில் இரண்டு வரி கேம் கன்ட்ரோலரை எப்படிப் பிடிப்பது என்று. ஒரு வரி, நீ அனுப்பியதாக அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் பெட்டியின் மேல் இருந்த உன் கையெழுத்தை அவர் பார்த்துவிட்டார். குப்பையில் போட எடுத்தபோது இடது கையால் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இப்போது அந்த வெறும் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. கால் பரவாயில்லை, குச்சி ஊன்றிக் குளியலறை வரை போகிறார். வலது கை அப்படியேதான் தொங்குகிறது. பேச்சில் 'சரி', 'இல்ல' என்று இரண்டு சொல் மட்டும் வருகிறது. அதுவும் சில நேரம் மாறிப்போகும். காபி வேண்டுமா என்றால் 'இல்ல' என்பார், டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனால் முறைப்பார். இருபத்தாறு வருஷம் பேருந்தில் நிறுத்தம் நிறுத்தமாகக் கத்திக்கொண்டு வந்த கண்டக்டர். மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து ஆறு மணிக்குத் திரும்பி வந்து, நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொள்கிறேன். வெளியிலிருந்து யாராவது கேட்டால் வீட்டில் நாலு பேர் இருப்பதாக நினைப்பார்கள்.

பயிற்சி கொடுக்க வரும் பெண்தான் சொன்னாள், "அவருக்குப் பிடிச்சதைக் குடுங்க அக்கா. விரலும் அசையணும், மனசும் எதுலயாவது ஒட்டணும்" என்று. அதனால்தான் அலமாரி மேல்தட்டிலிருந்து உங்கள் பழைய கேம் பெட்டியை இறக்கினேன். கல்யாணமாகி வந்த புதிதில் அதன் மேல் எனக்கு இருந்த எரிச்சல் உனக்குத் தெரியும். யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் உன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். ஆனால் பழைய கன்ட்ரோலருக்கு இரண்டு கை வேண்டும். மடியில் வைத்து முகவாயால் அழுத்திப் பார்த்தார். மூன்றாம் நாள் சுவரில் விட்டெறிந்தார். அதைத்தான் உனக்கு எழுதினேன். நீ இதை அனுப்பினாய்.

ஒற்றைக் கையில் அடங்குகிற மாதிரி என்ன அழகாகச் செய்திருக்கிறார்கள். அவர் இடது கையில் வைத்தவுடன் விரல்கள் தாமாகவே போய் உட்கார்ந்துகொண்டன. ஆனால் பிளக் நுழையவில்லை. நீ இருக்கும் நாட்டில் விற்ற கேம் பெட்டியும் இங்கே விற்ற பெட்டியும் உள்ளே ஒன்றுதானாம், வெளியே சாக்கெட் மட்டும் வேறாம். நம்முடையதில் ஏழு பின், நீ அனுப்பியதில் பதினைந்து. டிவி ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். அவர் சிரித்துவிட்டு, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றார். வீட்டுக்கு வந்தால், அண்ணன் கன்ட்ரோலரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அணைந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

நான் தினமும் உடைந்த கண்ணாடி பிரேம்களைப் பற்றவைக்கிறவள்தானே. கடையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவர், பூதக்கண்ணாடி, சால்டரிங் கம்பி எல்லாம் கேட்டு எடுத்து வந்தேன். கடையில் ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டர் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் அதே பதினைந்து பின் சாக்கெட்! முதலாளி கழற்றிக்கொள்ளச் சொன்னார். அடுத்த ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் பழைய துணியை விரித்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே விரல் கனத்துக்குத் தூசி.

பதினைந்து பின் இருந்தாலும் ஒயர் என்னவோ ஐந்துதான். கரண்டு வர ஒன்று, திரும்ப ஒன்று, மற்ற மூன்றும் எந்தப் பொத்தான் அழுந்தியது என்று பெட்டிக்குச் சொல்வதற்கு. நிறத்தை நம்பலாம் என்றால் அந்த ஊரில் நிறங்களே வேறு. கரண்டு ஒயர் மாறினால் கன்ட்ரோலர் கருகிவிடும், இன்னொன்றுக்கு உன்னிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? அதனால் கன்ட்ரோலரையும் திறந்து, ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று இரவல் வாங்கிய மீட்டர் வைத்துப் பார்த்துக் காகிதத்தில் வரைந்துகொண்டேன். பிறகு முன்பக்கத்து இரண்டு சாக்கெட்டில் முதலாவதைக் கழற்றி, ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிதாக்கிப் புதியதைப் பொருத்தினேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து என் கையை விட்டுக் கண் எடுக்கவில்லை. ராவும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் தடவை போட்டதும் திரையில் பொம்மை தன்னாலே குதிக்க ஆரம்பித்துவிட்டது. யாரும் தொடவில்லை, அது பாட்டுக்குக் குதித்துக்கொண்டே குழியில் போய் விழுந்தது. இரண்டு ஒயரை மாற்றி வைத்திருக்கிறேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அண்ணன் சிரிக்கிறார், தம்பி. ஏழு மாதத்தில் முதல் தடவை. ஒயரைச் சரி செய்யாமல் அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

சரி செய்துவிட்டேன். இப்போது தினமும் ஆடுகிறார். ஆடும்போது வலது கைச் சுண்டுவிரல்கூடத் தன்னாலே லேசாக மடங்குகிறது என்று பயிற்சிக்காரப் பெண் சொல்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆட்டம் தொடங்கும்போது ஒருவரா, இருவரா என்று திரையில் கேட்கிறது. அவர் இருவர் என்றுதான் வைக்கிறார். தவறி அழுத்துகிறார் என்று நினைத்து நான் ஒருநாள் மாற்றினேன். மறுபடியும் இருவருக்கே கொண்டுபோனார். சரி, என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று பெட்டியோடு இருந்த உன் பழைய கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "இல்ல" என்றார். சொல் மாறிவிட்டதோ என்று பார்த்தேன். மாறவில்லை. என் கையிலிருந்து அதை வாங்கி, சோபாவில் தன் பக்கத்துக் காலி இடத்தில் வைத்தார்.

அவர் ஆள் விழுந்ததும் இரண்டாவது ஆளின் முறை வருகிறது. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. எதிரே வருவது முட்டுகிறது, விழுகிறது. அதுவரை அவர் ஒரு பொத்தானையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆளின் மூன்று உயிரும் போகும்வரை தினமும் இதே கதை. நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

உங்கள் அம்மா இறந்தபோது நீ வர முடியாமல் போனதற்கு அவர் போனில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இனிமேல் இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே என்றார். அன்று நான் குறுக்கே பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அதை இப்போது அவர் திருப்பி எடுத்துக்கொள்ள நினைத்தாலும் அவரிடம் வார்த்தை இல்லை. இரண்டே இரண்டுதான் மிச்சம்.

குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. வருவதாக இருந்தால் தேதி எழுதாதே. எழுதினால் நான் சொல்லிவிடுவேன், அன்றிலிருந்து அவர் ஆட்டத்தை விட்டுவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். கதவு தாழ்ப்பாள் போடுவதில்லை. மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம், வந்து பேசாமல் பக்கத்தில் உட்கார், அது போதும்.

உன் அண்ணி