அடுத்தவள் நிரையில் ஒரு பிளாக்

செப். 4, திங்கள்

மழை. கிரவுண்ட் முழுக்கச் சேறு. முழங்காலில் சிராய்ப்பு, மஞ்சள் தடவியாச்சு.

கபடி செமி-ஃபைனல். ஜெயித்தோம், ஒரே பாயிண்டில்! அதுவும் நான் இருந்தும் ஜெயித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். கார்னரில் நிற்கும் ஜெஸி, எதிர் டீமிலிருந்து பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடிப்பாள். பிடித்த நொடியில் கவரில் நிற்கும் நான் பாய்ந்து வழியை மறிக்க வேண்டும். அதுதான் பிளாக். மூன்று தடவை மறிக்காமல் நின்றேன். மூன்று தடவையும் அவள் ஜெஸியை இழுத்துக்கொண்டே போய் நடுக்கோட்டைத் தொட்டாள்.

முதல் தடவை: ஜெஸி அவுட்.
2: ஜெஸி, கூட ஒருத்தி.
3: நான்கு பேர்! ஒரே மூச்சில்! ஒரு பிளாக் போனால் பாதி டீம் காலி.

ஜெஸி: "எந்தாடி, மரம் மாதிரி நிக்கற? நான் என்ன அவ காலைப் பிடிச்சு மன்னிப்பா கேக்கறேன்?"

பி.டி. மிஸ்: "அடுத்த புதன் ஃபைனல். இன்னொரு பிளாக் விட்டா கவிதா உள்ள, நீ வெளிய."

டீமில் இல்லையென்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டா ஹாஸ்டல் இல்லை. ஹாஸ்டல் இல்லையென்றால் காலேஜ் இல்லை. அக்காவோடு திருப்பூர், பனியன் கம்பெனி.

செப். 9, சனி

பந்தலூர். வீடு. தேயிலை விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் வாரம் மூன்று நாள்தான் வேலை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதி பூட்டு.

அம்மா என் துணியை ஒரு பையில் அடுக்கி வைத்திருக்கிறாள், திருப்பூருக்கு. "சும்மா கெடக்கட்டும் புள்ள. போறதுன்னா டக்குனு போலாம்." கோபம் வந்தது. சாப்பாடு வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டேன். மாசிக் கருவாட்டுச் சம்பல் வாசம் வந்தது, சாப்பிட்டேன்.

செப். 10, ஞாயிறு

காலை வெயில், அப்புறம் தூறல். அம்மாவோடு சின்னத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுக்கப் போனேன். ஒருத்திக்கு ஒரு நிரை, ஒரு வரிசைச் செடி. பக்கத்து நிரையில் ஆளே இல்லை, செடியில் அத்தனை கொழுந்து. ஆனாலும் என் கை அங்கே போகவில்லை. அடுத்தவள் நிரையில் ஒரு கொழுந்தைக் கிள்ளினாலும் எடை போடும் இடம்வரை ஏச்சு விழும். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

அம்மா கத்தினாள்: "என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? அதுக்காரி லெச்சுமிதான் திருப்பூர் போயிட்டாளே. ரெண்டு நெரையையும் எடு!"

அடச்சீ! கிரவுண்டிலும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்! ஜெஸி பிடித்த ஆள் ஜெஸியோட ஆள், நான் எதற்கு நடுவில் என்று! சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பேய் கீய் புடிச்சிருச்சா?" என்றாள் அம்மா.

செப். 12, செவ்வாய்

பிராக்டிஸ். மழை நின்றது. கொஞ்சம் அதிகமாகவே பாய்ந்துவிட்டேன். ஜெஸிக்கு மூக்கில் அடி. "மரமே தேவலாம்டி" என்கிறாள். வாங்க வேண்டியது: ஐஸ், பிளாஸ்திரி. தூக்கம் வராது.

செப். 13, புதன்

ஃபைனல்.

குன்னூர் டீம். அவர்களுடைய ஏழாம் நம்பர், அம்மாடி, என்ன உயரம்! கடைசி ரெய்டு அவளுடையது. நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். ஜெஸி கணுக்காலைப் பிடித்தாள். அவள் திமிறினாள், இழுத்தாள். கோட்டுக்கு ஒரு முழம்தான். ஜெஸியோட ஆளாவது ஒண்ணாவது என்று ஜெஸி பக்கமே பாய்ந்து ஏழாம் நம்பரின் நெஞ்சோடு மோதினேன். மூன்று பேரும் சேற்றில். கோட்டுக்கு இந்தப் பக்கம்! விசில்!

ஜெஸி என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், வாயெல்லாம் சேறு. பி.டி. மிஸ் ஹாஸ்டல் பட்டியலை நீட்டினார். கவிதா பெயருக்கு மேலே என் பெயர்!

பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடிவந்து, மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா முழுக்கக் கேட்டாள்.

"அவ நெரைக்குள்ள பூந்தியே, அந்தப் புள்ள சண்டைக்கு வரலியா?"

"முத்தம் குடுத்தாம்மா."

அம்மா எழுந்து போய், திருப்பூர் பையைக் கட்டில்மேல் கவிழ்த்துக் கொட்டினாள்.