மூன்றாவது கூரையின் பச்சை

மே 19

நேற்றைய புழுதிப் புயல் இரண்டாவது கூரையின் பிளாஸ்டிக் பட்டைகளைப் பிய்த்து எறிந்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் பாதி ஆற்றங்கரையில் கிடக்கிறது, பாதியைக் காணவே இல்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் கோடைதோறும் எனக்குப் பக்கத்தில் கூடாரம் போடும் மேய்ப்பர்கள், லாம்ஜாவ் அக்கா குடும்பம், வசந்தகாலக் கிடையிலிருந்து வந்து சேர்ந்தது. தங்கள் கூடாரத்தைக்கூடப் போடவில்லை. அக்காவின் கணவர் தொர்லிக் அண்ணன் நேராக வந்து, இருந்த பட்டைகளைக் குதிரைமயிர்க் கயிற்றால் இறுக்கிக் கட்டித் தந்தார். "மழையைத் திருடறவளுக்கு ஒத்தாசை பண்றேன். வானம் என்னைத்தான் முதல்ல அடிக்கப் போவுது" என்றார்.

திருடுவது உண்மைதான். மூன்று கூரைகள், விழும் மழையில் பாதியை வாய்க்காலில் வழித்து வெளியே விடுகின்றன. பக்கத்திலேயே மூன்று பாத்திகள் திறந்தபடி. வறட்சி தொடர்ந்து வந்தால் புல் என்ன ஆகும் என்று பார்க்க, ஆப்பிரிக்காவிலும் ஆல்ப்ஸ் சரிவிலும் ஜப்பான் மேட்டுநிலத்திலும் இதே மாதிரிக் கூரை போட்டு, எல்லோரும் ஒரே முறையில் அளக்கிறோம். மங்கோலியாவின் இந்தப் புல்வெளிக்கு இது நான்காவது கோடை. மூன்று கூரையாவது உருப்படியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்று குறைந்தால் எங்கள் இடம் ஆய்விலிருந்து போய்விடும், என் வேலையும் போகும். அப்புறம் தலைநகரில் அண்ணன் வீட்டு சோபாதான் எனக்குப் புல்வெளி.

அதனால் அந்தக் கயிற்றுக்கு நன்றி. கட்டிய கைக்கும்.

ஜூன் 8

மழை இல்லை. எனக்கும் வாய் வறண்டுதான் கிடக்கிறது, வானத்தைப் பார்த்துப் பார்த்து.

ஜூன் 21

முதல் மழை. கூரைகள் ஒழுங்காக வேலை செய்தன. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு வாய்க்கால் தண்ணீரை அளந்தேன். லாம்ஜாவ் அக்கா வேலிக்கு வெளியே நனைந்தபடி நின்று பார்த்தாள். அவள் முகம் சரியில்லை.

"ஏண்டி ஹெர்லென், இத்தனை நாள் கழிச்சு வந்த மழை. இதுங்களுக்கு மட்டும் கிடையாதா?"

"பாதி கிடைக்கும்க்கா."

"பசிச்ச பிள்ளைங்களை வரிசையா உக்காத்தி வெச்சு, மூணு பேருக்கு மட்டும் அரைவயித்துக்குப் போடுவாளா ஒருத்தி?"

அது பிள்ளை இல்லை, புல் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் அவள் சண்டை போடவில்லை. கூடாரத்துக்கு இழுத்துப் போய்த் தலையைத் துவட்டிவிட்டு, உப்புத் தேநீரில் வெண்ணெய் மிதக்கக் கொடுத்தாள். இந்த ஊரில் எனக்கு உறவு என்று யாரும் கிடையாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஜூலை 5

மூன்றாவது கூரை! அங்கே புல் கூடுதல் பச்சை, கூடுதல் உயரம். கிட்டத்தட்டத் திறந்த பாத்தி அளவுக்கு. மற்ற இரண்டு கூரைகளிலும் இடையிடையே வெறும் மண் தெரிகிறது. இதில் இல்லை. போன கோடையிலேயே கொஞ்சம் அப்படித்தான் தெரிந்தது, என் கண்ணை நானே நம்பவில்லை.

வறட்சியைத் தாங்கப் பழகிக்கொண்டதா? வேர் ஆழமாகப் போனதா? மண் ஈரம் காட்டும் கருவி அங்கே மட்டும் அதிகமாகக் காட்டுகிறது. கருவிக்குக் கிறுக்குப் பிடித்திருக்கும், மாற்ற வேண்டும்.

ஜூலை 9

குன்றின் உச்சியில்தான் போனுக்கு சிக்னல். எல்லா நாட்டுக்காரர்களும் பேசும் கூட்டம். மூன்றாவது கூரையைப் பற்றிச் சொன்னேன். ஒருங்கிணைப்பாளர் இங்கா எப்போதும் அவசரத்தில் இருப்பவர். இன்று அவசரப்படவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். கட்டுரையில் எங்கள் புல்வெளிக்கு முதலிடம் தரலாம் என்றார். ஜப்பான் நண்பர் கை தட்டினார்.

பாடிக்கொண்டே இறங்கினேன். நல்ல செய்தி என்றதும், என்ன ஏது என்று கேட்காமலே லாம்ஜாவ் அக்கா ஒரு தட்டுப் பாலாடையை எடுத்து நீட்டினாள். இந்த நாளுக்கு, இந்தப் புல்லுக்கு, இந்த மனிதர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஜூலை 12

நாதாம், எங்கள் கோடை விளையாட்டுத் திருவிழா. தொர்லிக் அண்ணன் மல்யுத்தத்தில் முதல் சுற்றிலேயே விழுந்தார். "தரை கூப்பிட்டுச்சு, மரியாதைக்குப் போனேன்" என்கிறார்.

ஜூலை 16

நான் காலைத் தூக்கக்காரி. இன்று ஏதோ விடியலிலேயே முழிப்பு வந்தது. வெளியே வந்தேன்.

லாம்ஜாவ் அக்கா அன்றைய முதல் தேநீரை எடுத்துக்கொண்டு தன் கூடாரத்துக்கு வெளியே நின்றிருந்தாள். எங்கள் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். யாரும் வாயில் வைப்பதற்கு முன் வானத்துக்கும் நாலு திசைக்கும் மரக்கரண்டியால் வீசுவது. வீசி முடித்தாள். பிறகு சட்டியோடு வேலிப் பக்கம் வந்தாள். அவள் கூடாரத்துக்கு மிக அருகில் இருப்பது மூன்றாவது கூரை. குனிந்து, கம்பிகளுக்கு நடுவே கை விட்டு, சட்டி நிறையப் பால் தேநீரைப் புல்லின் மேல் பரவலாக ஊற்றினாள். முணுமுணுத்து ஏதோ வேண்டினாள்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"வாடி. இன்னிக்கு சீக்கிரம் எழுந்துட்டியே" என்றாள், சாதாரணமாக. "மேல வீசினா எல்லாப் புல்லுக்கும் போய்ச் சேருது. இதுக்கு மட்டும் கூரையில பட்டு வழிஞ்சிடுது. அதான் கையாலயே குடுத்துடறேன்."

"எப்பலேர்ந்து?"

"போன வருஷத்துலேர்ந்து. தள்ளி இருக்கிற அந்த ரெண்டுக்குக் கை எட்டலை. அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுதப் பிடிக்கவில்லை. பால்! தினம் ஒரு சட்டி பால், உரம் போட்ட மாதிரி. நான் என்னமோ புல்லு பழகிக்கிச்சு, வேரு ஆழமாப் போச்சுன்னு ஊரு உலகத்துக்கெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன். கருவி சரியாத்தான் சொல்லியிருக்கு. கிறுக்கு எனக்கு.

அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 17

இன்று அந்தப் பக்கத்திலிருந்து தேநீரும் வரவில்லை, குரலும் வரவில்லை. பழகிவிட்டேன் போலிருக்கிறது, மதியம் வரை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

யாருக்குத் தெரியப் போகிறது? இனிமேல் ஊற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வேலை தங்கும், கட்டுரையில் பெயர் வரும்.

ஆனால் அந்தக் கட்டுரை என்ன சொல்லும்? இந்தப் புல்வெளி வறட்சியைத் தாங்கும் என்று. அதைப் படித்துவிட்டு மாவட்ட அலுவலகம் ஆடு வளர்ப்பவர்களிடம், பயப்படாதீர்கள், மந்தையைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லும். லாம்ஜாவ் அக்கா நம்புவாள். ஒரு கெட்ட குளிர்காலத்தில் புல் இல்லாமல் அவள் ஆடுகள் நின்ற இடத்திலேயே விழும். என்னை மகள் மாதிரி வைத்திருக்கிறவளுக்கு நான் இதைச் செய்வேனா?

ஜூலை 18

குன்றேறி, இங்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு கூரையை வெச்சு நான் எதையும் சொல்ல முடியாது, தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். "சொன்னதுக்கு நன்றி. குழுவுல பேசிட்டு சொல்றேன்." அவர் குரலில் கோபம் இல்லை.

இறங்கி நேராக லாம்ஜாவ் அக்காவின் கூடாரத்துக்குப் போனேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு கூரைகள் எதற்காக என்று முதல் தடவையாக ஒழுங்காகச் சொன்னேன். இத்தனை கோடையாக அவள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு இதைச் சொல்லாமலே இருந்திருக்கிறேன்! கேட்டுவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொர்லிக் அண்ணன்தான் எங்களைச் சிரிக்க வைத்தார்: "வீட்டுல முதல் கோப்பை எனக்குத்தான்னு இருந்தேன். எனக்கு முன்னாடி ஒரு சட்டி புல்லுக்குப் போயிருக்கு."

ஆகஸ்ட் 2

முடிவு வந்துவிட்டது. எங்கள் புல்வெளி கட்டுரையில் இல்லை. ஆய்வில் தொடர வேண்டுமானால், பனி விழுவதற்குள் வேறு இடத்தில் மூன்று புதிய கூரைகள் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கால்நடை வாய் வைக்காத நிலமாக இருக்க வேண்டும்.

இந்தக் காய்ந்த கோடையில் ஆடு வாய் வைக்காத புல்லுக்கு எங்கே போவேன்? துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் 6

மாலையில் இருவரும் வந்தார்கள். லாம்ஜாவ் அக்கா உட்காரவே இல்லை.

"உன் மத்த ரெண்டு கூரை என்ன சொல்லுது? அதையாவது மறைக்காம சொல்லு."

சொன்னேன். இப்படியே இன்னொரு கோடை காய்ந்தால், அதற்கடுத்து நல்ல மழை வந்தாலும் புல் முழுசாகத் திரும்பாது. அந்த மற்ற இரண்டு கூரைகளும் அதைத்தான் காட்டுகின்றன.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். இலையுதிர் காலத்திலேயே மந்தையில் பாதியை விற்றுவிடப் போகிறார்களாம், ஆடுகள் கொழுத்திருக்கும்போதே. மந்தை குறைந்தால் குன்றுக்குப் பின்னால் குளிர்காலக் கிடைக்கென்று காத்து வைத்திருக்கும் பள்ளத்துப் புல் முழுவதும் தேவைப்படாது. "அதுல ஒரு பங்கை வேலி போட்டுக்க" என்றாள்.

பனியில் குட்டி போடும் ஆடுகளுக்கு வைத்திருக்கும் புல் அது. வேண்டாம் என்றேன். "வேணுமா வேண்டாமான்னு உன்னை யாரு கேட்டா?" என்றாள்.

என்ன சொல்லி நன்றி சொல்வது? எழுதிப் பார்க்கிறேன், எந்த வார்த்தையும் போதவில்லை.

செப்டம்பர் 23

கடைசிக் கூரையின் கடைசி ஆணி அடித்தாயிற்று. விரல் உறைகிறது. இங்கா "மறுபடியும் வருக" என்று எழுதியிருக்கிறார்.

ஜூன் 17

அடுத்த கோடை. பள்ளத்தில் இன்று முதல் மழை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் போன குளிரில் நிறைய ஆடுகள் செத்துப் போயின. லாம்ஜாவ் அக்காவின் மந்தை மெலிந்துதான் இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

விருந்துக்கு வந்திருந்த அவள் நாத்தனார் கூரைகளைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இந்தப் புல்லு என்ன பாவம் பண்ணிச்சு?" என்று தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலியை நோக்கிப் போனாள். நான் கத்துவதற்குள் லாம்ஜாவ் அக்கா ஓடிப் போய் வாளியைப் பிடித்துவிட்டாள்.

"தொடாத. அது நமக்காகத் தாகத்தோட நிக்குது."

சொல்லிவிட்டு அந்தக் காய்ந்த புல்லைப் பார்த்துத் தலை வணங்கினாள். மழையில் நின்றுகொண்டு நான் அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது. பிறகு போய் வாய்க்கால் தண்ணீரை அளந்தேன்.