மகிழினிக்கு விட்ட இடம்

நாள் 231 | 08:05
அஞ்சல் நிலையம் 3, நடு விண்வெளி. பதிவு செய்பவர் குணவதி, இரண்டாம் நிலை இயக்குநர், வயது ஐம்பத்தொன்று, இந்நிலையத்தின் மொத்த மக்கள்தொகை. காற்றழுத்தம் சரி. மின்கலம் 97 விழுக்காடு. ஆன்டெனா சரி. வலது முழங்கால் சரியில்லை. அதைப் பதிவு செய்யப் படிவம் இல்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். பூமியிலிருந்து வரும் சேதிகளை வாங்கி, சனிக்கோளை நோக்கிப் போகும் நெய்தல் கப்பலுக்குத் தள்ளிவிடுவதும், அங்கிருந்து வருவதைப் பூமிக்குத் தள்ளுவதும் என் வேலை. ஆளுக்கு வாரம் மூன்று நிமிடம். பிறர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது விதி நான்கு. ஒலியின் தரத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி ஒன்பது. கேட்காமல் எப்படித் தரம் பார்ப்பது என்று எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. ஆகவே கேட்கிறேன். கப்பலின் சமையல்காரர், தான் இயந்திரப் பிரிவில் இருப்பதாகத்தான் இன்றைக்கும் மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் பிடித்தவர்கள் இரண்டு பதினாறு வயதுப் பெண்கள். ஜெஸ்லின் தூத்துக்குடியில். மகிழினி பெற்றோரோடு கப்பலில். ஒன்பது வருடம் ஒரே பெஞ்சு. நாள் 266-இல் கப்பலில் எல்லோரும் ஆறு ஆண்டு உறக்கத்துக்குப் போகிறார்கள். உறங்குகிறவர்களுக்கு வயது ஏறாதாம். என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன்.

நாள் 238 | 09:20
எல்லாம் சரி. ஒரு பெருமையையும் பதிகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் நானே ஒலியை வெட்டும் கணினி நிரல் ஒன்று எழுதினேன். பேச்சின் நடுவே அரை நொடிக்கு மேல் சத்தமில்லாவிட்டால் அதை நறுக்கிவிடும். ஜனங்கள் பேசுவதைவிட மூக்கைச் சிந்துவதும் யோசிப்பதும்தான் அதிகம். வாரத்துக்குப் பதினொரு நிமிடம் மிச்சம். தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

மிச்சமான நேரத்தில் நான் என்ன இறக்கிக்கொள்கிறேன் என்று கடிதத்தில் யாரும் கேட்கவில்லை. ஒரு தொலைக்காட்சித் தொடர். 2,314-ஆவது அத்தியாயம். மூத்த மருமகள் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

நாள் 245 | 10:15
பெண்களுக்குள் சண்டை. மகிழினியின் சேதியை அப்படியே தருகிறேன், தரம் பார்த்தபோது காதில் விழுந்தது:

"ஏட்டி ஜெஸ்லின், நீ எனக்கு எடமே விடமாட்டேங்க. ரேடியோல செய்தி வாசிக்க மாதிரி ஒரே மூச்சுல வாசிச்சுட்டுப் போற. புது பெஞ்சுல புது ஆளு வந்துட்டாளோ என்னமோ."

ஜெஸ்லின் பதில்: "நான் விட்டுட்டுத்தான் பேசுதேன். நீதான்ட்டி விடல. பொய் சொல்லாத."

என்ன இடம், யார் விடவில்லை, ஒன்றும் புரியவில்லை. பெஞ்சில் இடம் பிடிக்கிற சண்டை போலும் என்று எழுதி வைத்தேன். இந்த வயதிலும் என் புத்திக்கூர்மையைப் பாருங்கள்.

நாள் 252 | 11:40
நிரல் இன்று தொங்கிப்போனது. ஜெஸ்லினின் சேதியை வெட்டாமல் கேட்டேன்.

"கணக்கு டீச்சர் மாறிட்டாங்க, தெரியுமா." ஏழு நொடி ஒன்றுமில்லை. ஒரு பஸ் ஹாரன், மூச்சுச் சத்தம். பிறகு: "அதேதான். நானும் அம்மாட்ட அதத்தான் சொன்னேன்." மறுபடி ஐந்து நொடி. ஒரு சின்னச் சிரிப்பு.

பேசியது அவள் ஒருத்திதான். ஆனால் அது இரண்டு பேரின் பேச்சு. மற்றவள் பதில் சொல்ல இடம் விட்டு, அவள் என்ன சொல்வாள் என்பதும் தெரிந்து, அதற்குப் பதில். கேட்கிறவள் அந்த இடத்தில் தன் வார்த்தையைச் சொல்லிக்கொள்வாள். அப்போது இரண்டு பேரும் பெஞ்சில் இருப்பார்கள். வழியில் நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. கத்தரிக்கோலோடு.

இரண்டு மாதமாக இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறேன். அந்த இடங்களை அடுக்கித்தான் மருமகளைப் பார்த்திருக்கிறேன்.

நாள் 253 | 09:00
மூன்று முறை மன்னிப்பு எழுதினேன். அனுப்பவில்லை. அனுப்பினால் விசாரணை வரும், தொடர் விவகாரம் வெளியே வரும். நிரலைச் சத்தமில்லாமல் நிறுத்தினேன். இனி தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொடரிலும் இப்படித்தான் சொல்வார்கள்.

நாள் 260 | 10:10
இந்த வாரம் மகிழினியிடமிருந்து சேதி இல்லை. ஜெஸ்லினிடமிருந்தும் இல்லை. சமையல்காரர் மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். எனக்குச் சுவைக்கவில்லை.

நாள் 264 | 13:32
கல் மோதியது. கடுகளவுதான் இருக்கும். சூரியத் தகடுகள் இரண்டும் போயின. மின்கலம் விரிசல். சூடேற்றி அரை வேகம். மூன்று ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன், எல்லாம் ஒரே நிறம்.

கணக்கிட்டேன். ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும், ஒலிபரப்ப மொத்தம் இவ்வளவுதான் மின்சாரம். 184 நொடி. பிறகு கேட்கத்தான் முடியும், பேச முடியாது. ஆபத்துச் சேதிக்கு 40 நொடி. பூமி நாளைக் காலைதான் நேரே வரும், அப்போது அனுப்புகிறேன்.

நாள் 265 | 09:48
தூத்துக்குடியிலிருந்து ஒரு சேதி வந்திருக்கிறது. ஜெஸ்லின்.

"ஏட்டி மகிழ். நாளைக்குத் தூங்கிருவல்லா. நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. மூணு நிமிசமும் உனக்குத்தான். பேசு."

அதற்குப் பிறகு சத்தமில்லை. மின்விசிறி ஓடுகிறது. ஒரு முறை மூக்கை உறிஞ்சுகிறாள். 180 நொடி முடிகிறது.

நிரலைப் போட்டால் இது ஒன்பது நொடி. அதன் பின்னால் என் ஆபத்துச் சேதி தாராளமாக உட்காரும். நாற்பது நொடி மட்டும் வெட்டினாலும் போதும். வெறும் மின்விசிறிச் சத்தம். யாருக்குத் தெரியும்.

இவ்வளவு நாளும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாள் 265 | 10:06
முழுதாக அனுப்பினேன். நான்கு நொடி மிச்சமிருந்தது. அதில் என் குரல்: "எடத்த வெட்டினது நான். ஜெஸ்லின் இல்ல. குணவதி அக்கா."

அக்கா என்றதில் ஒரு நொடி வீண். அத்தை என்று சொல்ல மனம் வரவில்லை.

இங்கே சத்தம் நின்றால் தலைமையகம் ஒரு வாரத்தில் கவனிக்கும். நச்சரிப்பவள் ஏன் சும்மா இருக்கிறாள் என்று யாராவது கேட்பார்கள். மீட்புக் கப்பல் வர ஐந்து மாதம். சூடேற்றி எத்தனை நாள் என்பதைக் கணக்கிடவில்லை. எனக்கும் கணக்கு டீச்சர் சரியில்லை.

நாள் 265 | 11:31
மகிழினியின் பதில் வந்துவிட்டது. பதிவாகிவிட்டது.

"ஏட்டி." ஒன்பது நொடி. "ம். அழாத. நானும் அழல." நான்கு நொடி. "பொய்தான்." அவள் சிரிப்பு. "நான் எந்திரிக்கும்போது எனக்குப் பதினாறு, உனக்கு இருபத்திரண்டு. அக்கான்னுல்லாம் கூப்பிட மாட்டேன், பாத்துக்க." ஆறு நொடி. "சரி. இப்ப நீ பேசு."

பிறகு இறுதிவரை இடம்.

ஒலிபரப்பப் பார்த்தேன். ஆன்டெனா அசையவில்லை. மறுபடி. மறுபடி. தூத்துக்குடியில் ஒருத்தி காத்திருப்பாள். பதில் வரவில்லை என்று ஆறு வருடம் நினைத்துக்கொண்டிருப்பாள்.

நாள் 267
கப்பல் உறங்கிவிட்டது. குளிர் 

விரல் சரியாக

இதைக் கண்டெடுப்பவருக்கு. கோப்பு எண் 7. பெறுநர் ஜெஸ்லின், தூத்துக்குடி. மூன்று நிமிடம். நடுவில் சத்தமில்லாத இடங்கள் வரும். பழுது அல்ல. நேரம் மிச்சமாகுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்படியே அனுப்புங்கள்.

நாள் 26
எட்டா, ஒன்பதா, தெரியவில்லை. மின்கலம் 3 விழுக்காடு. திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்கிறேன். "ஏட்டி" என்கிறாள். ஒன்பது நொடி வருகிறது. ஏதாவது சொல்லத் தோன்றுகிறது, பேச்சுக்கு ஆளில்லாமல் இத்தனை நாள்.

வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அது எனக்கு விட்ட இடமில்லை